கால்பங்கும் கடைசி நான்கு அத்தியாயங்களும்

அந்தப் பேரை வாசிப்பக்கா முதன்முதலில் கேட்டது, பதிவுக்கூடத்தின் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடின அன்றைக்கு. செயலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வாசிக்க வருகிறவர்களை வேனில் கூட்டி வருகிற டிரைவர் வாசலில் நின்றபடியே, "இதுக்கா இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க? எங்க மச்சான் கால்பங்கைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

"அது என்னய்யா பேரு? மிச்ச முக்கால் பங்கு எங்க இருக்கு?" என்று கேட்டாள் வாசிப்பக்கா.

"வந்ததும் அவரையே கேளுங்கக்கா. கேட்டா ரெண்டு மணி நேரம் உட்கார வச்சுச் சொல்லுவாரு. அதனாலதான் வீட்ல நாங்க யாரும் கேக்கறதில்ல."

பதிவுக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து, குரலைப் பதிவு செய்து அனுப்புகிற இடம். உள்ளறையின் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டி, கதவுக்குக் குறுக்கே கனத்த போர்வை ஒன்று தொங்கும். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் கையில் புத்தகமும் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீருமாக வாசிப்பக்கா இருபத்தோரு வருஷமாக உட்கார்ந்து வருகிறாள். ஐம்பத்தெட்டு வயசு. மாமியார் பேச்சு வந்தால் மாமியாராகவும் மருமகள் பேச்சு வந்தால் மருமகளாகவும் குரலை மாற்றிப் படிப்பாள். வாய் தவறினால் பதிவை நிறுத்த மாட்டாள். பட்டென்று ஒரு தடவை கை தட்டிவிட்டு அந்த வரியை மறுபடி படிப்பாள். கை தட்டிய இடம் திரையில் குச்சி மாதிரி உயர்ந்து நிற்கும். பிறகு செயலாளர் உட்கார்ந்து, குச்சியைப் பார்த்துப் பார்த்துத் தப்பான வரியை வெட்டி எடுப்பார். இது அந்த இடத்து வழக்கம். இந்தக் கை தட்டலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

கால்பங்கு மறுநாள் வந்தார். ஐம்பது தாண்டியவர், குள்ளம், தோளில் துணிப்பை. டிரைவருக்கு அவர் என்ன உறவு என்றால், அவருடைய தங்கையைத்தான் டிரைவர் கட்டியிருக்கிறார். அது நடந்து இரண்டு வருஷம் கழித்து, டிரைவரின் சித்தப்பா மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், அவளைக் கால்பங்கு கட்டினார். ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் மச்சான்தான். அதனால் கேலிக்குக் கணக்கு வழக்கே கிடையாது.

வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை பேரு படிக்கிறீங்க?"

"நான்தான் தினம். இன்னும் மூணு பேரு வாரத்துக்கு ஒருக்கா" என்றாள் வாசிப்பக்கா.

"படிச்சதை அழிப்பீங்களா?"

"அழிக்கிறதா? என் குரல்ல ஒரு வரியை அழிச்சாலும் அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது தம்பி."

"நடுவுல நிறுத்தாம அதிகபட்சம் எவ்வளவு நேரம் படிப்பீங்க?"

"ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல தொண்டை விடாது."

அவர் எழுதிக்கொண்டார். செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னங்க இது, ஜாதகம் எழுதற மாதிரி? ஆயிரத்து இருபத்து நாலு ஜிகா, புத்தம் புது டிஸ்க். லினக்ஸைப் போட்டு, மொத்தத்தையும் ஒரே இடமா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"விடலாம் சார். ஒரே ஹாலா வீடு கட்டினா சமையல் புகை படுக்கைக்கும் வரும், அவ்வளவுதான். இந்த மெஷின் நாள் முழுக்கத் தனக்குத்தானே என்னத்தையாவது எழுதி வச்சுக்கிட்டே இருக்கும். அது ஒருநாள் பெருத்துப் போய் உங்க பதிவு மேல ஏறி உட்கார்ந்துச்சுன்னா, நீங்களும் படிக்க முடியாது, அதுவும் எந்திரிக்க முடியாது. தனித்தனி அறையா இருந்தா, ஒண்ணு நிரம்பினாலும் மத்தது பாட்டுக்கு நடக்கும்."

அட்டையில் அவர் கட்டம் போட்டுப் பிரித்த பிரிவினை இதுதான். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் குடியிருக்க நாற்பது. மெஷினுக்கு ஞாபகசக்தி போதாமல் போனால் இறக்கி வைக்கிற இடத்துக்குப் பதினாறு, அதற்கு ஸ்வாப் என்று பேர். வாசிக்கும்போது குரல் வந்து விழுகிற தற்காலிக அறைக்குப் பன்னிரண்டு. முடிந்த பதிவுகள் போய்ச் சேரும் பெரிய அறைக்கு எழுநூறு.

தற்காலிக அறைக்குப் பன்னிரண்டு எப்படி வந்தது என்றால், பதிவு செய்கிற மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. நிறுத்து என்றதும் அது வாசித்ததையெல்லாம் அதே அறையில் ஒரு நகல் எடுக்கும். அந்த நகலைத்தான் பெரிய அறைக்கு அனுப்பும். அதனால் வாசித்த அளவுக்கு இரண்டு மடங்கு இடம் அங்கே வேண்டும். "ரெண்டு மணி நேரம்னு சொன்னீங்க. நான் நாலு மணி நேரம்னு வச்சுக்கிட்டேன். அதுக்குப் பதினொண்ணு ஆகும். பன்னெண்டாப் போட்டிருக்கேன்" என்றார்.

செயலாளர் விரல் விட்டுக் கூட்டினார். "எழுநூத்து அறுபத்தெட்டுதான் வருது. மிச்சம் இருநூத்து அம்பத்தாறு?"

"அது சும்மா இருக்கும்."

"சும்மாவா?"

"கால்பங்கு" என்றார் டிரைவர் வாசலிலிருந்து, ஏதோ அறிமுகப்படுத்துகிற மாதிரி.

அப்போதுதான் பேருக்குக் காரணம் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு வருமுன் பத்தொன்பது வருஷம் அவர் ஒரு பெரிய கிடங்கில் சரக்கு அடுக்குகிறவர். சோப்பு, செருப்பு, குழல் விளக்கு, எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். சேர்ந்த புதிதில் மேலாளர் சொன்னாரென்று தரையில் ஓரடி விடாமல் அடுக்கிவிட்டார். மறுநாள் ஒரே ஒரு செருப்புப் பெட்டி வேண்டியிருந்தது. தள்ளுவண்டி திரும்ப இடமில்லை. அந்த ஒன்றை எடுக்க நாற்பது பெட்டியைத் தெருவில் இறக்கினார்கள். இறக்கின நேரம் பார்த்து மழை. அன்றைக்கு எடுத்த சபதம். அதற்குப் பிறகு எந்த இடத்தையும் அவர் முழுசாக நிரப்பினதில்லை. கிடங்கின் சரக்குக் கணக்கு கம்ப்யூட்டருக்கு மாறியபோது அதை அடிக்கடி பிரித்து மேய்ந்து கற்றுக்கொண்டார். கிடங்கை மூடினார்கள். கற்றுக்கொண்டது கையோடு வந்தது.

வீட்டிலும் அதே கூத்துதான். பீரோவில் ஒரு தட்டு காலி. பெண்டாட்டி அதில் தன் துணியை வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மறுநாள் தன் துணியைக் குறைத்து வேறொரு தட்டைக் காலி பண்ணிவிடுவார். மாடியறையை வருஷக்கணக்காகப் பூட்டி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் டிரைவர் குடியிருந்த வீட்டுக் கூரை ஒழுகி, பத்து நாளைக்கு என்று பெட்டியோடு வந்தார்கள் தங்கையும் மாப்பிள்ளையும். பதினோரு வருஷம் ஆகிறது. டிரைவர் சொல்வார்: "நானே அவரோட கால்பங்குலதான் குடித்தனம் பண்றேன். இதுல கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் பண்ணுவேன்."

சரி, கதைக்கு வருவோம். காலி இடம் யாருக்கும் பிடிக்கவில்லை. முக்கியமாக வாசிப்பக்காவுக்கு. அலமாரி நிறையப் பழைய கேசட்டுகள் இருந்தன. அதிலெல்லாம் அவள் குரல், முப்பத்தேழு வயசுக் குரல். நாடா ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வீணாகிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு. இரண்டே மாதத்தில் பெரிய அறை நிரம்பியது. கால்பங்கைக் கூப்பிட்டாள். அவர் வந்து, சும்மா இருந்த இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எடுத்துப் பெரிய அறையோடு சேர்த்தார்.

"மிச்சம் அறுபத்து நாலு ஏன் வச்சிருக்கீங்க?"

"கால்பங்குக்கா."

அதுவும் நிரம்பியது. மறுபடி வந்தார். அறுபத்து நாலில் நாற்பத்தெட்டைக் கொடுத்து, பதினாறை நிறுத்திக்கொண்டார். மூன்றாம் தடவை கேசட்டு அலமாரியில் கடைசி வரிசை மட்டும் பாக்கி.

"இந்தத் தடவை பதினாறையும் கொடுத்துடுங்க தம்பி. ஒரு வரிசைதான்."

"பன்னெண்டு தர்றேன்க்கா. நாலு இருக்கட்டும்."

"அந்த நாலை யாருக்குய்யா வச்சிருக்கே?"

"தெரிஞ்சிருந்தா அவங்க பேர்லயே எழுதி வச்சிருப்பேனே."

வாசிப்பக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மரியாதையெல்லாம் பறந்தது. "கிள்ளிக் கிள்ளிப் போட நான் என்ன உன் வீட்டு வாசல்ல கையேந்தி நிக்கிறேனா? பன்னெண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீயே வச்சு அழகு பாரு! கஞ்சன்!"

கால்பங்கு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதினாறும் அப்படியே கிடந்தது. புது டிஸ்க் வரும்வரை கேசட்டு வேலை நின்றது. அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. வேனில் ஏறினால் டிரைவரோடுகூட அளந்துதான் பேசினாள். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி.

இந்த நேரத்தில்தான் தொண்டை கட்டிக்கொண்டது. முதலில் சளி என்றாள். பிறகு தூசி என்றாள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் சின்னதாக ஒரு முடிச்சு, ஆபத்து இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார். "எடுத்த பிறகு குரல் வரும். ஆனா இதே குரலா வருமான்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அவள் அப்போது ஒரு தடித்த குடும்பக் கதையைப் பாதி கடந்து படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு அத்தியாயம். நான்கு தலைமுறை, பதினோரு அண்ணன் தம்பி அக்கா தங்கை, ஒவ்வொருவருக்கும் அவள் தனிக் குரல் கொடுத்து வைத்திருந்தாள். அனுப்பின பகுதிகளைக் கேட்டுவிட்டு, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிற பார்வையற்ற ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிடுவார். "மூத்தவன் வீட்டுக்குத் திரும்பினானாக்கா? அதை மட்டும் சொல்லுங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்." அவள் சொல்ல மாட்டாள். "உங்களுக்கு என் வாயால படிச்சுத்தான் தெரியணும்" என்பாள்.

அப்படிச் சொன்ன வாய்க்கே இப்போது கெடு வைத்துவிட்டார்கள். மூத்தவன் கடைசி அத்தியாயத்தில் வேறு தொண்டையோடு வீட்டுக்கு வந்தால் அது யாரோ மூன்றாம் மனிதன் வந்த மாதிரி இருக்காதா? அவளுக்கு அதுதான் அரித்தது. ஓய்வு கொடுத்து ஓய்வு கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முப்பது வரை வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், நான்கு அத்தியாயம் பாக்கி இருந்தது.

அன்று காலை பத்தே காலுக்குப் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நிறுத்தினால் தொண்டை இறுகிவிடும் என்ற பயம். நிறுத்தவே இல்லை. நடுவில் வெந்நீர் குடித்தாள், இருமினாள், பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு கை தட்டு, அவ்வளவுதான். பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றே முக்காலுக்கு மூத்தவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். கடைசி வார்த்தைக்குப் பிறகு குரல் என்று சொல்ல அவளிடம் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஐந்தரை மணி நேரம்.

செயலாளர் நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினார். நகல் எடுப்பதாகக் கோடு மெல்ல நகர்ந்தது. பாதி தாண்டியதும் நின்றது. திரையில் ஒரு பெட்டி எழும்பியது: இடம் போதவில்லை, சேமிக்க முடியவில்லை.

"மறுபடி அழுத்திப் பார்க்கட்டுமா?" என்றார் செயலாளர். விரல் பொத்தானுக்குப் போனது.

வாசிப்பக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பக்கத்தில் கிடந்த தாளை இழுத்து எழுதினாள்: கால்பங்கைக் கூப்பிடு.

செயலாளர் போன் போட்டார். மறுமுனையில் கால்பங்கு கேட்டது ஒன்றே ஒன்று. "மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? எதையும் மூடாதீங்க. யாரும் பக்கத்துல போகாதீங்க. வர்றேன்." டிரைவர் அதற்குள் அவரைக் கூட்டி வர வேனைக் கிளப்பியிருந்தார்.

அந்த இருபத்தைந்து நிமிஷம் வாசிப்பக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஞ்சன் என்று சொன்னது காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது, அதுவும் அவளுடைய நல்ல குரலில்.

கால்பங்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். திரையில் கறுப்பாக ஒரு சன்னலைத் திறந்து இரண்டு வரி கட்டளை தட்டினார், பார்த்தார்.

"எவ்வளவு நேரம் படிச்சாங்க?"

"அஞ்சரை மணி."

"ஏழரை ஜிகா இருக்கு. நகலுக்கு இன்னொரு ஏழரை. பன்னெண்டுல எப்படிப் பத்தும்? மூணும் கொஞ்சமும் குறையுது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல தொண்டை விடாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அட்டையில் எழுதினதைத் திருத்துகிறவர் மாதிரி சொன்னார்.

அவள் இரண்டு கையையும் விரித்தாள்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் செயலாளர். "பெரிய அறையில இடம் இருந்தா..."

"அது அநேகமா நிறைஞ்சு கிடக்கு, இந்தப் பதிவு போய் உட்கார மட்டும்தான் இடம். இருந்தாலும் நிறைஞ்ச அறையோட சுவரை உள்ள தள்றது ஆபத்தான வேலை சார். காலியா இருக்கிற இடத்துப் பக்கமாச் சுவரை வெளிய தள்றது சுலபம். உள்ள ஆள் உட்கார்ந்திருந்தாக்கூடத் தெரியாது." சொல்லிக்கொண்டே இன்னொரு வரி தட்டினார். பிறகு இன்னொன்று. "பன்னெண்டு கொடுத்துட்டேன். இப்ப தற்காலிக அறை இருபத்து நாலு. நீங்க மறுபடி சேமிங்க."

செயலாளர் சேமி என்பதை அழுத்தினார். கோடு நகர்ந்தது. பாதிக்கு வந்தது. வாசிப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையில் பெட்டி இல்லை. பெரிய அறையில் மூலை முடுக்கெல்லாம் போக மிச்சமிருந்த இடத்தில், முப்பத்தொன்று முதல் முப்பத்து நான்கு வரை என்று ஒரு புதுப் பேர் வந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு டிரைவர்தான் ஆரம்பித்தார். "மச்சான், பதினாறுல பன்னெண்டா கொடுத்தீங்க? இந்த அவசரத்துலயும் நாலை ஒதுக்கி வச்சுட்டீங்களா?"

"வேற எப்படி மாப்ளே?"

"மனுஷனா நீங்க!"

கால்பங்கு வாசிப்பக்காவைப் பார்த்துத் திரும்பினார். "அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். இதுல என் சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நீங்க கோவிச்சுக்காம அந்தப் பன்னெண்டை வாங்கியிருந்தீங்கன்னா இன்னைக்கு நாலுதான் இருந்திருக்கும். என் வழக்கப்படி அதுல மூணுதான் கொடுத்திருப்பேன். அப்பவும் துளி குறைஞ்சிருக்கும். நீங்க திட்டினீங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு."

வாசிப்பக்கா சிரித்தாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்து, தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்: அப்ப நாலையும் கொடுத்திருக்க மாட்டியா?

"அப்பவா?" என்று யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அப்ப கொடுத்திருப்பேன்க்கா. ஆனா ராத்திரி தூக்கம் வந்திருக்காது."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்த நர்ஸ் யாரென்று பார்த்தால், கால்பங்கின் மனைவி. பேசக் கூடாது என்று ஏழு நாள் உத்தரவு. நர்ஸுக்கு அது வசதியாகப் போயிற்று. ஊசி போட வரும்போதெல்லாம் புருஷனைப் பற்றி ஒரு கதை. "கல்யாணம் ஆன புதுசுல அக்கா, கட்டில்ல கூட ஓரமா ஒரு சாண் விட்டுட்டுத்தான் படுப்பாரு. ஏங்க, நான் அவ்வளவு குண்டாவா இருக்கேன்னு அழுதிருக்கேன். ரெண்டு வருஷம் கழிச்சுப் பிள்ளை பிறந்து நடுவுல படுத்தப்புறம்தான் புரிஞ்சுது." வாசிப்பக்கா சிரிக்கவும் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வழியக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கோபமா இருந்தீங்களாமே? அவரே சொன்னாரு. கஞ்சன்னு நானும்தான் சொல்றேன்க்கா. ஆனா அந்த வீட்ல இதுவரைக்கும் இடமில்லைன்னு யாரையும் திருப்பி அனுப்பினதில்ல."

எட்டாம் நாள் குரல் வந்தது. பழைய குரல் இல்லை. அரை சுருதி இறங்கி, அடியில் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருந்தது. முதலில் கேட்டவுடன் அவளுக்கு முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் தொலைபேசி நிலையத்துக்காரர் கடைசி நான்கு அத்தியாயங்களையும் கேட்டு முடித்துவிட்டுக் கூப்பிட்டார். "மூத்தவன் வந்துட்டான்க்கா" என்றார். அவள், "ஆமா, வந்துட்டான்" என்றாள். பிறகு, "உங்க குரலுக்கு என்னாச்சு?" என்றார்.

"இது அடுத்த புத்தகத்துக்கான குரல்" என்றாள் வாசிப்பக்கா. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது சரி என்று பட்டது. அடுத்ததாக ஒரு கப்பல்காரனின் கதையை எடுத்தாள். கப்பல்காரனுக்கு அந்த மணல் நன்றாகவே பொருந்தியது.

இன்னொரு டிஸ்க் வந்தது. கேசட்டு அலமாரியின் கடைசி வரிசையும் ஏறியது. இந்தத் தடவை கால்பங்கு அட்டையைக் கிழித்து மடியில் வைத்ததும் வாசிப்பக்காவே சொன்னாள்: "நிறுத்தாம அஞ்சரை மணின்னு எழுதிக்கோங்க தம்பி." அவர் அதை இரண்டு மடங்காக்கி, பதினொரு மணி நேரம் என்று எழுதிக்கொண்டார். காலி இடத்தைப் பற்றிச் செயலாளர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அதற்குள் காது மந்தமாகி, கை தட்டிய இடங்களை வெட்டுகிற வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

கால்பங்கு இப்போது பதிவுக்கூடத்தில்தான் இருக்கிறார். வாரத்தில் நான்கு நாள், காலை பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை, சன்னலோர மேசையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாசிப்பக்காவின் கை தட்டல்களை வெட்டிக்கொண்டிருக்கிறார்.